மகேந்திரவர்மன்: காஞ்சி தொலைத்த நாடகத்தைக் கேரளம் காப்பாற்றியது எப்படி?

பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள், கையோடு கைலாசநாதர் கோயிலையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது வழக்கம். பல்லவர் என்றதும் அந்தக் கோயிலும் மாமல்லபுரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கைலாசநாதர் கோயில் எழுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இதே ஊரிலிருந்து ஆண்ட ஒரு ராஜா கல்லில் செய்ததைவிட விசித்திரமான ஒரு வேலையைச் செய்தார். தன் தலைநகரத்துத் தெருவில் குடித்துவிட்டுச் சண்டை போடும் சாமியார்களை வைத்து ஒரு காமெடி நாடகம் எழுதினார். அவர்தான் முதலாம் மகேந்திரவர்மன். நாடகத்தின் பெயர் மத்தவிலாசப் பிரகசனம்.

இன்று உலகம் முழுக்க சமஸ்கிருத நாடகம் படிக்கும் மாணவர்களுக்கு இது தெரியும். இன்றைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அங்கத நாடகங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அதைப் பாதுகாத்துக் கொடுத்தது காஞ்சிபுரம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், அன்றைக்கு வேறொரு நாடாக இருந்த சேர தேசத்துக் கூத்துக் கலைஞர்கள்.

யார் இந்த மகேந்திரன்?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அறிமுகம் தேவைப்படாது. மாறுவேடத்தில் சுற்றும், எதற்கும் அசராத மகேந்திர பல்லவரை அந்த நாவல் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. நிஜ மகேந்திரனைத் தேட வேண்டிய இடம் கல்வெட்டுகள்.

அப்பா சிம்மவிஷ்ணு. மகன், பிற்காலத்தில் வாதாபியைப் பிடித்த நரசிம்மவர்மன். இவர் ஆட்சிக்காலம் தோராயமாக கி.பி. 600 முதல் 630 வரை என்று கணக்கிடுகிறார்கள். சில ஆய்வாளர்கள் பத்து வருடம் முன்னால் தொடங்குவார்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து காவிரிக்கரை வரை இவருடைய சின்னங்கள் கிடைத்திருக்கின்றன.

பட்டப்பெயர் வைத்துக்கொள்வதில் இவருக்கு இணை இல்லை. சித்திரகாரப்புலி, விசித்திரசித்தன், குணபரன், சத்துருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன், சங்கீர்ணஜாதி என்று போய்க்கொண்டே இருக்கும். அதில் ஒன்று மத்தவிலாசன். குடிபோதைக் களிப்பு என்று பொருள் தரும் ஒரு சொல்லை ஒரு ராஜா தன் பெயராகவே கல்லில் வெட்டிவைத்தார், பிறகு தன் நாடகத்துக்கும் அதையே தலைப்பாக வைத்தார் என்றால், மனிதர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு புரிந்துவிடும். சென்னைவாசிகள் இந்தப் பட்டப்பெயர்களைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பல்லாவரத்தில் இவர் குடைந்த குகையில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் குகை இப்போது தர்காவாக இருக்கிறது.

கட்டடக்கலையில் இவர் செய்தது பெரிய திருப்பம். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு சின்னக் குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஒரு கோயிலை உண்டாக்கியதாக அங்குள்ள கல்வெட்டில் விசித்திரசித்தன் பெருமைப்பட்டுக்கொள்கிறார். பெருமைப்படலாம்தான். அதுவரை இந்தப் பகுதியில் கோயில் என்றால் மரமும் செங்கல்லும்தான். தளவானூர், சீயமங்கலம், மகேந்திரவாடி, திருச்சி மலைக்கோட்டை என்று பாறை கிடைத்த இடமெல்லாம் குடைந்திருக்கிறார். இதில் மகேந்திரவாடி விஷ்ணுவுக்கு, திருச்சி சிவனுக்கு.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் இவருடையதுதான் என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் நிறைய. இப்போது பல அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. அதை எடுத்துவிட்டாலும் இவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் கிடையாது.

எதிரி கோட்டை வாசலில்

கலைப் பித்து பிடித்த ராஜா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இவர் காலத்தில் நாடு பெரிய அடி வாங்கியது.

வடமேற்கில் வாதாபியிலிருந்து கிளம்பிய சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி, பல்லவர்களின் வடபகுதியைப் பிடுங்கிக்கொண்டான். வேங்கி நாட்டில் அவன் தம்பி விஷ்ணுவர்த்தனன் உட்கார்ந்தான். அந்தக் கிளைதான் பின்னாளில் கீழைச் சாளுக்கியர். 634-35-ல் வெட்டப்பட்ட ஐஹொளெ கல்வெட்டு, பல்லவ மன்னன் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் பதுங்கும்படி புலிகேசி செய்தான் என்று கொண்டாடுகிறது. பல்லவர் தரப்பில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய காசக்குடிச் செப்பேடு, காஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில் மகேந்திரன் தன் எதிரிகளை அழித்ததாகச் சொல்கிறது. எதிரி யார் என்று பெயர் மட்டும் போடவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: எதிரி தலைநகரத்து வாசல்வரை வந்துவிட்டான், தலைநகரம் விழவில்லை, வடக்கே போன நிலம் திரும்பவும் வரவில்லை. கணக்கைத் தீர்த்தது மகன். 642-ல் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தார். அந்தப் படையெடுப்பில் அடைக்கலம் தேடிக் காஞ்சிக்கு வந்திருந்த இலங்கை இளவரசன் மானவர்மனும் துணை நின்றதாக இலங்கையின் மகாவம்ச மரபு சொல்கிறது.

அன்றைய காஞ்சி அப்படிப்பட்ட ஊர். மகேந்திரனுக்குப் பத்து வருடம் கழித்து, 640 வாக்கில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், இங்கே நூறு புத்த மடங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். எண்பது தேவர் கோயில்கள், ஏராளமான சமணர்கள் என்றும் கணக்கு சொல்கிறார். இலங்கையில் மன்னர் இறந்து பஞ்சம் வந்ததால் அங்கிருந்து கிளம்பிவந்த பிக்குகளை அவர் இந்த ஊரில்தான் சந்தித்தார். ஒரே தெருவில் நாலு மதம், பல நாட்டு ஆட்கள். மகேந்திரன் நாடகம் எழுத வேறெங்கும் கதை தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு மண்டையோடு காணாமல் போன கதை

கதை ரொம்பச் சின்னது. ஒரே அங்கம்.

சத்தியசோமன் ஒரு காபாலிகர். அதாவது, மண்டையோட்டையே பிச்சைப் பாத்திரமாக வைத்துக்கொள்ளும் சைவப் பிரிவுச் சாமியார். ஏகம்பத்தில் தங்கியிருக்கிறார். துணைவி தேவசோமையோடு காஞ்சித் தெருக்களில் கள்ளுக்கடை கள்ளுக்கடையாகச் சுற்றுகிறார். போதையில் அவள் பெயரைப் புரட்டி சோமதேவை என்று கூப்பிட்டுவிட, அது யார் இன்னொருத்தி என்று அவள் பிடித்துக்கொள்கிறாள். பயந்துபோய், இனி குடிக்கவே போவதில்லை என்று சபதம் எடுக்கப் பார்க்கிறார். தனக்காக அவருடைய விரதம் கெடக் கூடாது என்று அவள் பதறித் தடுக்கிறாள். அந்த மார்க்கத்தில் குடிதான் விரதம்! அடுத்த கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கள்ளுக்கடையைப் பார்த்ததும் அது அச்சு அசல் யாகசாலை மாதிரியே இருப்பதாகக் காபாலிகர் வர்ணிக்க ஆரம்பிக்கிறார். நடுவில் சமணர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவர்கள் பெயரைச் சொன்ன தீட்டுக்கு வாயைக் கள்ளால் கழுவணும் என்கிறார்.

அப்போதுதான் கையில் பாத்திரம் இல்லை என்பது உறைக்கிறது. அதில் சுட்ட இறைச்சி இருந்தது. அப்படியானால் எடுத்தது ஒரு நாயாக இருக்கணும், இல்லாட்டி ஒரு புத்த பிக்குவாக இருக்கணும்.

நேரம் பார்த்து நாகசேனர் என்ற பிக்கு வருகிறார். தனதாசன் என்ற வணிகர் வீட்டில் மீனும் கறியுமாகச் சாப்பிட்டுவிட்டு, ராஜவிகாரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். மனசுக்குள் ஒரு குறை. இவ்வளவு நல்ல சாப்பாடும் படுக்கையும் அனுமதித்த புத்தர், பெண்ணையும் மதுவையும் மட்டும் எப்படி விலக்கியிருப்பார்? கட்டாயம் அனுமதித்திருப்பார், பொறாமை பிடித்த கிழட்டு பிக்குகள்தான் அந்தப் பகுதியை மூலநூலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம். தன் பாத்திரத்தை அவர் ஆடைக்குள் மறைத்து வைத்திருக்கிறார். அது போதாதா? காபாலிகர் பாய்கிறார். தேவசோமை பிக்குவின் முடியைப் பிடித்து இழுக்கப் போய், மொட்டைத் தலையில் பிடி கிடைக்காமல் தானே விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தரின் தீர்க்கதரிசனத்தை பிக்கு மெச்சிக்கொள்கிறார். விழுந்தவளை அவர் கைகொடுத்துத் தூக்கினால், கையைப் பிடித்ததால் அது கல்யாணம் என்று காபாலிகர் புது வழக்கைக் கிளப்புகிறார். பிக்கு பாத்திரத்தை வெளியே எடுத்துக் காட்டினாலும் வேலைக்காகவில்லை. உருவத்தையும் நிறத்தையும் மாற்றிவிட்டாராம்!

பஞ்சாயத்துக்கு இன்னொரு சைவப் பிரிவைச் சேர்ந்த பாசுபதர் வருகிறார். தீர்த்துவைக்க முடியவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று பேச்சு வரும்போது தேவசோமை சொல்லும் காரணம்தான் நாடகத்திலேயே கூரான இடம். பிக்குவிடம் விகாரங்களின் சொத்து இருக்கிறது, அதை வைத்து நியாயம் சொல்கிறவர்கள் வாயை அடைத்துவிடலாம். கையில் சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லாத நாம் அங்கே போய் என்ன செய்வது?

இதை எழுதியவர் வெளியில் நின்று பொருமும் புலவர் இல்லை. அந்த நியாயசபையை நியமித்து, சம்பளம் கொடுத்து, கடைசித் தீர்ப்பும் சொல்லவேண்டிய ராஜா. நாடகத்தின் முன்னுரையிலேயே சூத்திரதாரி வந்து, சிம்மவிஷ்ணுவின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன் எழுதியது என்று வம்சத்தோடு அறிவித்துவிடுகிறார். ஒளிவுமறைவு கிடையாது.

கடைசியில் ஒரு பைத்தியக்காரன் வருகிறான். அவன் கையில் அந்த மண்டையோடு. ஒரு நாயிடமிருந்து பிடுங்கியது. காபாலிகரின் முதல் சந்தேகம் பாதி சரி! எல்லாரும் சமாதானமாகிக் கலைகிறார்கள்.

இதில் அடி வாங்குகிறவர்களை எண்ணிப் பாருங்கள். பிக்கு ஒருவர், சைவர்கள் இருவர், போகிற போக்கில் சமணர்கள். பெரியபுராணம் சொல்லும் கதையில் ஒரு பல்லவ மன்னன் முதலில் சமணனாக இருந்து, அப்பரை நீற்றறையில் போட்டு, யானையை ஏவி, கல்லைக் கட்டிக் கடலில் தள்ளி, எல்லாம் பலிக்காமல் போனபின் சைவனாகிறான். திருவதிகையில் அவன் கட்டிய கோயிலுக்கு அங்கே குணபரன் பெயர் சொல்லப்படுவதால் அது மகேந்திரன்தான் என்று பொருத்துகிறார்கள். எதிர்வழியிலிருந்து லிங்கத்தின் பக்கம் திரும்பியதாகத் திருச்சிக் கல்வெட்டில் வரும் ஒரு தொடரும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். சேக்கிழார் எழுதியது 12-ஆம் நூற்றாண்டில் என்பதை மறக்கக் கூடாது. நாடகத்தில் தெரியும் மனிதர், எந்த மதத்துக்கு மாறினாலும் அந்த மதத்து ஆட்களைப் பார்த்துச் சிரிப்பதை விட்டிருக்க மாட்டார் போலத்தான் தெரிகிறது.

சாக்கையர் கைக்குப் போன நாடகம்

பல்லவர் ஆட்சி 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழர்களிடம் முடிந்தது. காபாலிகர்கள் மறைந்தார்கள். காஞ்சியின் விகாரங்களும் காலப்போக்கில் போய்விட்டன. நாடகத்தில் கிண்டல் செய்யப்பட்டவர்களே ஊரில் இல்லாதபோது யார் சிரிப்பது? தமிழ்நாட்டில் மத்தவிலாசத்தின் ஓலைச்சுவடி தங்கவில்லை.

அது கேரளத்தில் தங்கியது. அங்கே சமஸ்கிருத நாடகங்களைக் கோயிலில் நடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட சாக்கியார்கள் இருந்தார்கள். கூத்தம்பலம் என்ற தனி அரங்கில், நம்பியார்கள் மிழாவு கொட்ட, பெண் வேடத்தை நங்கையார்கள் ஏற்க, அவர்கள் நடிக்கும் கலை கூடியாட்டம். நாடகம் எழுதிய சேர மன்னர் குலசேகரவர்மன்தான் அதைச் சீர்படுத்தினார் என்பது அவர்கள் மரபு.

இதில் தமிழர்களுக்கு உறைக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. சாக்கையர் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தமானவர்கள் இல்லை. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் முன் ஆடுபவர் பறையூர்க் கூத்தச் சாக்கையன். அரியலூர்ப் பக்கம் காமரசவல்லியில் உள்ள ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, சாக்கைக் கூத்து ஆடுபவருக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. இங்கேயும் நிலம் கொடுத்து வைத்திருந்த கலைதான். இங்கே அறுந்துபோனது, அங்கே அறுந்துபோகவில்லை.

சாக்கியார்கள் நாடகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காப்பாற்றவில்லை. நடித்துக் காப்பாற்றினார்கள். நடித்ததால் அது மாறியது. கூடியாட்டத்தில் ஒரு பாத்திரம் மேடைக்கு வந்தால் உடனே கதை நகராது. அவன் யார், எங்கிருந்து வந்தான் என்று பின்கதையைக் கண்ணாலும் கையாலும் மணிக்கணக்காக விரிப்பார்கள். அப்படி விரித்ததில் சத்தியசோமன் வேறு ஆளாகிவிட்டான். பிரம்மஹத்திப் பாவம் தீர, கபாலத்தை ஏந்தி விரதம் இருந்து சிவன் அருளைப் பெற்றவன் என்று ஒரு கதை சேர்ந்தது. காஞ்சியில் கேலிக்கு ஆளான குடிகாரச் சாமியார், கேரளக் கோயில்களில் பக்தராகி நிற்கிறார். குழந்தை வரம் வேண்டி மத்தவிலாசக் கூத்தை வழிபாடாக நடத்தும் வழக்கம் அங்கே இருந்து வருகிறது.

மகேந்திரன் இதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் அந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால், யாருக்கும் பயன்படாத ஒரு பழைய கிண்டலை ஆயிரம் வருடம் யார் சுமந்திருப்பார்கள்? காஞ்சிக்காரர் எழுதினார், பக்கத்து நாட்டுக்காரர்கள் மிச்சத்தை எழுதிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே நடந்த கூட்டுத் தயாரிப்பு.

1917-ல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் த. கணபதி சாஸ்திரி மத்தவிலாசத்தை அச்சிட்டார். கேரளத்தில் கிடைத்த சுவடிகளே அதற்கு ஆதாரம். அதுவரை குகைகளில் வெறும் பட்டப்பெயராக இருந்த சொல்லுக்கு, ஒரு முழு நாடகம் பின்னால் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னாளில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லாக்வுட்டும் விஷ்ணு பட்டும் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

கலைஞர்கள் கோயிலை விட்டு வெளியே வர இன்னும் நாள் ஆனது. 1949-ல் பைங்குளம் ராம சாக்கியார் கோயில் மதிலுக்கு வெளியே ஆடினார். சொந்தச் சமூகத்திலேயே எதிர்ப்பு. 1962-ல் சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன் முயற்சியில் மாணி மாதவ சாக்கியார் சென்னைக்கு வந்து ஆடினார். கேரளத்துக்கு வெளியே கூடியாட்டம் ஏறிய முதல் மேடை அதுதான். அதாவது, வீடு விட்டு வெளியே வந்ததும் அந்தக் கலை முதலில் வந்து நின்றது தமிழ்நாட்டில். 1965-ல் கேரள கலாமண்டலத்தில் கூடியாட்டம் பாடமாகி, சாக்கியார் குடும்பத்தில் பிறக்காதவர்களும் கற்க வழி பிறந்தது. 1970களில் பைங்குளம் ராம சாக்கியார் பகவதஜ்ஜுகம் என்ற இன்னொரு பழைய அங்கதத்தை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். யோகியின் உயிர் ஒரு கணிகையின் உடலுக்குள் மாறிப் போய்விடும் கதை அது. 2001-ல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனிதகுலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

மாமண்டூர் குகையில் இரண்டு பெயர்கள்

அந்த பகவதஜ்ஜுகத்தை எழுதியவரும் மகேந்திரனா, இல்லை போதாயனரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாதத்துக்குக் காரணமான கல்வெட்டு காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. வந்தவாசி ரோட்டில், மாமண்டூர் குகையில். சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்கள் சாப்பாட்டுக்கு நிற்குமே, அந்த மாமண்டூர் இல்லை. இது திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள், பெரிய ஏரிக்கரையை ஒட்டிய பாறைக் குன்று.

குன்றில் வரிசையாகக் குகைகள். அதில் ஒன்றின் சுவரில் நீளமான சமஸ்கிருதக் கல்வெட்டு. பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது, முழு வாக்கியமாகப் படிக்க முடியாது. எழுத்து நிற்கும் இடங்களில் இரண்டு நாடகப் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று பகவதஜ்ஜுகம். இன்னொன்று மத்தவிலாசம்.